இரண்டு பிரவுசரில் ஒரு மாப்பிள்ளை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எந்தப் பிரவுசரை வைத்துக்கொள்வது என்ற சண்டை பத்து நாளைக்கு மேல் நடந்தது. நடுவில் என் கல்யாணம் மாட்டிக்கொண்டிருந்ததால் எனக்கு ஒவ்வொரு நாளும் நினைவிருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுளில் பாதியைப் பத்திரம் பதிந்தே கழித்த மனிதர். வரிசை எண் பார்த்து, வில்லங்கம் பார்த்து, கடைசியில் கையெழுத்தும் தேதியும் போட்டால்தான் அவரைப் பொறுத்தவரை ஒரு காரியம் நடந்ததாகக் கணக்கு. ஓய்வு பெற்ற கையோடு எனக்கென்று சொல்லி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அதன் முன்னால் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

அந்த வருஷம் ஐப்பசியில் அம்பாசமுத்திரத்துக்காரர்கள் வீட்டு வரன் வந்தது. பையன் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். நான் குறுக்கே விழுந்தேன். முந்தின வருஷம் ஒரு வரனுக்கு அப்பா அவசரப்பட்டுச் சரி சொல்லி, பதினோரு பேர் வேனில் வந்து இறங்கி, கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு முடித்த பிறகு எனக்குப் பிடிக்கவில்லை என்று நான் சொல்ல நேர்ந்தது. அந்தப் பதினோரு முகங்களும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் இந்த முறை கறாராகச் சொன்னேன். எனக்கு ஒரு மாதம் வேண்டும். நானாகச் சொல்லும்வரை யாரும் வரக் கூடாது. அதுவரை அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் கூடாது.

அப்பா ஒத்துக்கொண்டார். கேட்க மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தார். பத்திரம் பதிந்தவர் வாக்கு மாற மாட்டார் என்று நம்பி நானும் நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான் மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பையன் இன்டர்நெட்டில் தனக்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கிறானாம். போட்டோவும் விவரமும் அதில் இருக்கிறதாம். பார்த்துக்கொள்ளலாமாம்.

எங்கள் கம்ப்யூட்டரோடு வந்தது ஒரு பிரவுசர். அதன் அடையாளம் நீல நிறத்தில் இருந்ததால் வீட்டில் அதற்கு நீலம் என்று பெயர். அந்தப் பக்கத்தை நீலத்தில் திறந்தால் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. இது இன்ன பிரவுசரில் பார்த்தால்தான் சிறப்பாகத் தெரியும் என்று வேறொன்றின் பெயர் போட்டிருந்தது. அந்தக் காலத்தில் பாதிப் பக்கங்களில் இப்படி ஒரு வரி கிடக்கும், யாரும் சீந்த மாட்டார்கள். அப்பா அதை மாப்பிள்ளை வீட்டு நிபந்தனையாக எடுத்துக்கொண்டார். பெண் வீட்டுக்காரர்கள் நாம், சொன்னபடிதானே பார்க்க வேண்டும் என்றார். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டைத் தேடிப் பிடித்து அந்த இன்னொன்றையும் ஏற்றினார். அதற்குப் பச்சை என்று பெயராயிற்று.

இதைக் கேட்டுக் கொதித்தவர் மேலப்பாளையத்து மாமா. அப்பாவோடு பள்ளியில் படித்தவர், ஜவுளிக்கடை வைத்திருந்தார். மகன் துபாயில். கடையில் கம்ப்யூட்டர் வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்ததால் எங்கள் வட்டாரத்தில் அவர்தான் நிபுணர். தினமும் காலையில் கடைக்குப் போகிற வழியில் வந்து காபி குடித்துவிட்டு எங்கள் கம்ப்யூட்டரையும் விசாரித்துவிட்டுப் போவார்.

"இங்கரும் வே. இப்பவே அவங்க சொன்ன பிரவுசர்ல பாத்தீருன்னா, நாளைக்கு அவங்க சொன்ன மண்டபத்துலதான் கல்யாணம் வைக்கணும். கூடவே வந்தது நீலம். அதை விட்டுறாதேயும்" என்றார்.

சிக்கல் என்னவென்றால், இரண்டிலும் பையன் ஒரே மாதிரி இல்லை. பச்சையில் போட்டோ நடுவில் கம்பீரமாக நின்றது. ஆனால் அதன் தலைக்கு மேல் நல்வரவு சொல்லும் சிவப்பு எழுத்து அணைந்து அணைந்து எரிந்தது. நீலத்தில் அந்த எழுத்து சாதுவாக இருந்தது, போட்டோதான் ஓரமாக ஒதுங்கிவிட்டது. அம்மா இரண்டையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். "நீலத்துல பாத்தா அடக்கமான பிள்ளையா இருக்கான். பச்சையில என்ன, பெரியவங்க முன்னால கண்ணடிச்சிக்கிட்டு நிக்கான்."

கண்ணடிப்பது எழுத்து, அவன் இல்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். எழுதியவன் அவன்தானே என்று அம்மா கேட்டாள்.

கடைசியில் இரண்டிலும் தினமும் பார்ப்பது என்று முடிவானது. காலையில் ராகு காலம், எமகண்டம் தவிர்த்து அப்பா டயல் செய்வார். மோடம் கதறி ஓயும். போட்டோ மேலிருந்து கோடு கோடாக இறங்கும். ஒரு மனுஷனை அரைகுறை முகத்தோடு பார்க்கக் கூடாது என்று அப்பாவுக்கு ஒரு கொள்கை. தாடைவரை முழுதாக இறங்கிய பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார். முதலில் மாப்பிள்ளை வீட்டு மரியாதைக்குப் பச்சை. அதை மூடிவிட்டு அம்மாவின் திருப்திக்கு நீலம்.

முதல் நாளே அப்பா பக்கத்தின் அடியில் ஒரு கறுப்புக் கட்டத்தைக் கண்டுபிடித்தார். 'நீங்கள் 47-வது பார்வையாளர்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. சார்பதிவாளர் கண்ணுக்கு வரிசை எண் தப்புமா? நமக்கு முன்னால் நாற்பத்தாறு பெண் வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அறிவித்தார். அம்மா நெஞ்சில் கை வைத்தாள். பச்சையை மூடி நீலத்தைத் திறந்தார். நாற்பத்தெட்டு.

"ஏளா, நாம இதை மூடி அதைத் தெறக்கதுக்குள்ள ஒரு குடும்பம் உள்ள வந்துட்டு" என்றார்.

மறுநாள் நாற்பத்தொன்பது, ஐம்பது. அதற்கு மறுநாள் ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு. தினசரி காலண்டர் தாளில், நல்ல நேரத்துக்குப் பக்கத்தில், அப்பா எண்ணைக் குறித்து வைத்தார். வாக்குக் கொடுத்தபடி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. காபியை வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் சொன்னார். "இன்னைக்கு அறுவது." அவ்வளவுதான். டம்ளர் என் கையில் கனத்தது. ஒரு மாதம் கேட்டவள் நான். எண் ஏற ஏற அந்த மாதம் பைய என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. மேலப்பாளையத்து மாமா வேறு, ரம்ஜான் நேரத்தில் கடையில் கூட்டம் ஏறுகிற மாதிரி ஏறுதே என்று ஒத்து ஊதினார். அம்பாசமுத்திரத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டுவிடலாமா என்று அப்பா அம்மாவிடம் சமையலறையில் கேட்டது என் காதில் விழுந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. முகம் தெரியாத குடும்பங்களுக்குப் பயந்து என்னைத் தள்ளிவிடப் பார்க்கிறாரே என்று அழுகையும் வந்தது.

பத்தாம் நாள் அந்தத் தாள்களை வரிசையாகப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. கணக்கு வாத்தியாருக்கு இது தெரியப் பத்து நாள் ஆகியிருக்கிறது. தினமும் சரியாக இரண்டு. ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு, அமாவாசையன்றும் இரண்டு. எந்த ஊரில் பெண் வீட்டுக்காரர்கள் இவ்வளவு ஒழுங்காக வருகிறார்கள்? அன்று காலை நீலத்தில் அறுபத்தாறு நின்றுகொண்டிருந்தது. அப்பாவை நகரச் சொல்லிவிட்டு, அதே பக்கத்தைத் திரும்ப வரவழைக்கும் பொத்தானை அழுத்தினேன். அறுபத்தேழு. இன்னொரு தடவை. அறுபத்தெட்டு. மூன்றாவது தடவை அறுபத்தொன்பது. நாம் திறக்கும்போதெல்லாம் நம்மைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது என்றேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இவ்வளவு பேரும் நாமதானா?"

மாமா காபியை முடிக்காமலே கடைக்குக் கிளம்பிவிட்டார். நான் ஜெயித்த சந்தோஷத்தில் திரும்பினால் அம்மா வாடிப்போய் நிற்கிறாள். "பத்து நாளா வேற ஒருத்தருமே எட்டிப் பாக்கலையா? அப்பம் பையன்ட்ட என்ன கொறை?"

இனி ஒரே பிரவுசர், ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று அப்பா அன்றே உத்தரவு போட்டார். பச்சைதான் என்றார். கண்ணடித்தாலும் பரவாயில்லை, மாப்பிள்ளை கேட்டுக்கொண்டது அது. நீலத்தை இனி யாரும் தொட வேண்டாம் என்றார். ஏன் தினமும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு, பழகிவிட்டது என்றார். எழுபது, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு என்று காலண்டரில் எண் ஒழுங்காக ஏறியது. காபியோடு அதைச் சொல்வது மட்டும் நின்றது.

பதினைந்தாம் நாள் எண் எழுபத்துநான்கு. அதைக் குறித்துவிட்டு அப்பாவும் அம்மாவும் ஆழ்வார்திருநகரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். கல்லூரிக்கு விடுமுறை. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் நான் மட்டும். விடைத்தாள் திருத்த உட்கார்ந்தவள் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தை நான் ஒரு தடவைகூடத் தனியாகப் பார்த்ததில்லை. எப்போதும் என் தோளுக்கு மேல் இரண்டு தலைகள், மாமா இருந்தால் மூன்று.

பார்க்கப்போகிறவள் உஷாராக யோசித்தேன். பார்த்த முகவரிகளையெல்லாம் பச்சை ஒரு பட்டியலாக வைத்திருக்கும், அப்பா அதைப் புரட்டுவார். நீலத்தை யாரும் தொடுவதில்லை. ஆகவே நீலம்.

மழைக்கு டெலிபோன் லைன் இரைந்தது. எழுத்தெல்லாம் வந்தது, போட்டோ வரவில்லை. அது வரவேண்டிய இடத்தில் ஒரு வெறும் கட்டம். கட்டத்துக்குள் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. படம் வராதவர்களுக்கென்று பக்கம் எழுதியவர் வைத்திருக்கும் வரி அது. தாடைவரை இறங்காமல் எங்களை அப்பா கூப்பிட்டதே இல்லையாதலால் நான் அதைப் பார்த்ததில்லை. 'இங்கே என் போட்டோ இருக்க வேண்டும். வராவிட்டாலும் உங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை.'

வாய்விட்டுச் சிரித்தேன். யாருமில்லாத வீட்டில் என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது. சரியாகத்தான் படித்தோமா என்று இன்னொரு தடவை வரவழைத்துப் படித்தேன். மூன்றாவது தடவை, லைன் தெளிந்து, போட்டோ மெல்ல இறங்கியது. பதினைந்து நாளாகப் பார்த்த அதே முகம்தான். அன்றைக்கு அது எனக்குப் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் மூடி, மோடத்தை அணைத்து, நாற்காலியை அப்பா விட்டுப்போன கோணத்திலேயே திருப்பி வைத்தேன்.

மறுநாள் காலை அப்பா பச்சையைத் திறந்தார். கூப்பிட வெகுநேரம் ஆயிற்று. நானும் அம்மாவும் போய் நின்றோம். அப்பா ஒரு கையில் முந்தின நாள் காலண்டர் தாளை வைத்திருந்தார்.

"நேத்து எழுவத்தி நாலு. இன்னைக்கு எழுவத்தஞ்சு வரணும். எழுவத்தெட்டு நிக்கி."

கடைசியில் யாரோ வந்துவிட்டார்கள் என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அப்பா மோடத்தைப் பார்த்தார், நீலத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். எந்தப் பிரவுசரில் திறந்தாலும் எண்ணுகிற கட்டம் ஒன்றுதான் என்று செய்து காட்டியவளே நான். நேற்று எனக்கு அது எங்கே போயிற்று?

"நான் கேக்கல. கேக்க மாட்டேன்னு சொல்லிருக்கேன்" என்றார் அப்பா. "எண்ணைத்தான் சொல்லுதேன்."

அந்த மனிதர் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, கையில் தாளோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

"மூணும் நான்தாம்பா" என்றேன்.

அம்மாவுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. அப்பா உடனே எழுந்து டெலிபோனை எடுத்து அம்பாசமுத்திரத்துக்குச் சுழற்றப்போனார். காதில் மோடம் அலறியது. லைனில் இன்னும் பச்சைதான் இருந்தது. நான் இணைப்பைத் துண்டிக்கும்வரை நின்றவர், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அன்றைய காலண்டர் தாளில் 78 என்று எழுதினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு அதற்குக் கீழே தன் முழுக் கையெழுத்தைப் போட்டு, தேதியும் போட்டார்.