செம்போத்துக் கூட்டுக்குக் காவல்

வண்டியூருக்குக் கிழக்கே வேலி வெட்ட வேண்டும், தோட்டம் கழிக்க வேண்டும் என்றால் எல்லாரும் முதலில் தேடுவது ஒச்சம்மாளைத்தான். ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு விடிந்ததும் இறங்குவாள். பொழுது சாய்வதற்குள் காடாகக் கிடந்த இடத்தில் கல்யாணப் பந்தலே போடலாம். அரிவாள் நீளம், வாய் அதைவிட நீளம். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத மனுசர் அந்த வட்டாரத்தில் கிடையாது. எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள். அப்பேர்ப்பட்டவள் ஒரு பறவைக்காக ஊரையே ஏய்த்தாள், கட்டின புருசனையும் சேர்த்து.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருசம் முந்தி, ஓர் ஆடி மாதம். மதுரையில் பாத்திரக்கடை வைத்திருந்த யூனுஸ் ராவுத்தருக்கு அங்கே ஒரு கொய்யாத் தோட்டம் இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி. அதன்மேல் கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறி, ஆள் உயரத்துக்கும் மேலே புதர் மண்டிக் கிடந்தது. அதை எடுத்துவிட்டு முள்கம்பி போடப்போகிறேன் என்று ராவுத்தர் ஒச்சம்மாளிடம் வேலையை ஒப்படைத்தார். மூன்று பக்கம் முடிந்தது. வாய்க்கால் பக்கம் அவள் அரிவாளை ஓங்கின இடத்தில், கொடிகளுக்குள்ளே பந்துபோல ஒரு கூடு. உள்ளே கறுத்த தோலும் சிலும்பின மயிருமாக மூன்று செம்போத்துக் குஞ்சுகள். ஓங்கின கை அப்படியே நின்றுவிட்டது.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் புருசன் நல்லகாமன் முந்தின வருசம் கமலையில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும்போது வடம் அறுந்து கிணற்றில் விழுந்தான். ஒடிந்த கால் கோணலாகக் கூடிவிட்டது. செம்போத்துக் கூட்டில் சஞ்சீவி வேர் இருக்கும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. குஞ்சின் காலைக் கம்பியால் கட்டிவைத்தால் தாய் அந்த வேரைத் தேடிக் கொண்டுவருமாம். அது பட்டால் இரும்பு அறும், ஒடிந்த எலும்பு கூடும் என்பார்கள். ஒச்சம்மாளும் யாருக்கும் தெரியாமல் எங்கேயோ ஒரு கூட்டில் ஒரு குஞ்சைக் கட்டினாள். தாய் வேர் கொண்டுவரவில்லை. வெட்டுக்கிளிதான் கொண்டுவந்து ஊட்டியது. மூன்றாம் நாள் குஞ்சு கால் வீங்கிச் செத்துக் கிடந்தது. அப்போதும் தாய் வாயில் வெட்டுக்கிளியோடு வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்ததை அவள் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்து அழுததோடு சரி, யாரிடமும் மூச்சு விடவில்லை.

ராவுத்தரிடம் குஞ்சுகள் இருப்பதைச் சொன்னபோது அவர் ஒன்றும் மறுக்கவில்லை. பறக்கட்டும், கம்பி எங்கேயும் ஓடிவிடாது என்று ஜட்கா ஏறிப் போய்விட்டார். வம்பு ஊரிலிருந்துதான் வந்தது.

வேலியெல்லாம் மொட்டையாகி ஒற்றைப் புதர் மட்டும் நின்றால் கண்ணை உறுத்தாதா? பாவம் பார்த்து விட்டுவைத்தாள் என்று ஒருவர்கூட நினைக்கவில்லை. வேரைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டாள் என்றார்கள். அண்ணன் ஜெயிலில் இருந்த காசிமாயன், அந்தக் கம்பிக்கதவை அறுக்கத் துணுக்கு வேர் கிடைத்தால் போதும் என்று குஞ்சின் காலைக் கட்ட ஆயத்தமாகவே வந்துவிட்டான்.

அவனை மறித்துக்கொண்டு ஒச்சம்மாள் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டாள்: "குஞ்சத் தொட்டா வேர் மறைஞ்சிரும்டா. அதுக தானாப் பறந்தபெறகு கூட்டப் பிரிச்சு வாய்க்கால்ல விடணும். எந்தக் குச்சி தண்ணிய எதுத்து வருதோ, அதுதேன் வேர்."

ஊர் நம்பியது. ஊர் நம்பினதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு வருசமாக வாசலைத் தாண்டாத நல்லகாமன் மறுநாள் காலையில் கம்பைக் கேட்டான். இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, வேர்த்து விறுவிறுத்துப் புதரடிக்குப் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து தினமும் அங்கேதான் இருப்பு. ஆட்டை விரட்டினான், கீரியை விரட்டினான், காசிமாயனை மூன்று தரம் விரட்டினான். சாயங்காலம் வந்தால் ஒரே குஞ்சுப் புராணம். தாய் இன்றைக்கு நத்தை கொண்டுவந்தது, நடுக்குஞ்சு மற்ற இரண்டையும் தள்ளிவிட்டுத் தின்கிறது என்று வாய் ஓயாமல் சொல்வான். கிணற்றில் விழுந்ததற்குப் பிறகு அவன் இத்தனை பேசி அவள் கேட்டதே இல்லை. கேட்கக் கேட்க மனசு குளிர்ந்தது. குச்சியெல்லாம் தண்ணீரோடு போகிற அன்றைக்கு இந்த மனுசன் முகத்தில் எப்படி முழிப்பது? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பாள். அவன் குஞ்சுக் கதையை ஆரம்பித்துவிடுவான், அவள் சோறு போட எழுந்துவிடுவாள்.

பதினாறாம் நாள் மூன்றும் தத்தித் தத்திக் கொய்யா மரத்துக்குத் தாவின. இரண்டு நாள் கழித்துக் கூடு காலி. ஊர் திரண்டது. காசிமாயன் கூட்டைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஒவ்வொரு குச்சியாக விட்டான். ஒவ்வொன்றும் தண்ணீர் போன பக்கமே போனது. கடைசிச் சருகும் போனபிறகு, ஒச்சம்மாளை ஆளுக்கொரு பேச்சுப் பேசிவிட்டுக் கூட்டம் கலைந்தது. காசிமாயன் சொன்னதை எழுத முடியாது.

நல்லகாமன் மட்டும் கரையில் உட்கார்ந்திருந்தான். ஒச்சம்மாள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எல்லாம் பொய் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"தெரியும்" என்றான் அவன். "போன வருசம் எலிப்பொறிக் கம்பியக் காணோம்னு தேடுனேன். நாலு நாள் கழிச்சு நீ சோறு திங்காமச் செவுத்தப் பாத்துப் படுத்த. அன்னைக்கே தெரியும் புள்ள, வேரும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு."

"அப்பறம் எதுக்கு இந்தக் கால வச்சுக்கிட்டு இம்புட்டு நாளும் காவக் காத்த?"

"இந்த மூணும் பொழைச்சிட்டா, நீ அந்த ஒண்ண மறந்துருவேல்ல."

ஒச்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் எழுந்திருக்கத் தோளைக் கொடுத்தாள்.

நல்லகாமன் கால் கடைசிவரை கோணல்தான். ஆனால் எந்தத் தோட்டத்தில் வேலை என்றாலும், அவள் அரிவாளோடு இறங்குவதற்கு முன்னால் அவன் கம்பை ஊன்றி வேலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவான். கூட்டைக் கண்டு அவன் கம்பை நட்டுவைத்துவிட்டு உட்கார்ந்த இடத்தில் யாரும் வெட்டமாட்டார்கள்.