பொக்கையும் ஈயப் பட்டையும்

"இன்னும் ரெண்டுதான் மாமா. வாயை மூடிடாதீங்க, உள்ள இருக்கறது என் விரலு."

மச்சினன் முழங்காலை அவன் நெஞ்சில் ஊன்றிக் குறட்டால் பல்லை இழுத்தான். நாற்காலி வந்தது, பல் வரவில்லை. மச்சினனுக்கு முடிவெட்டும் தொழில். முடிக்கும் பல்லுக்கும் அங்கே ஒரே நாற்காலி, ஒரே துண்டு. சன்னலுக்கு வெளியே நின்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"சொத்தை இல்ல, ஆட்டம் இல்ல. நல்ல பல்லைப் போய்ப் பிடுங்கறாரே மனுஷன். டேய் தம்பி, நீயாவது சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே அக்கா. சொல்லச் சொல்ல வாயைத் தொறக்கறாரு. தொறந்த வாயை எப்படி விடறது?"

கடைசிப் பல்லும் கிண்ணத்தில் விழுந்தது. அன்று முதல் அவன் பெயர் பொக்கை.

எல்லாம் ஒரு கோட்டால் வந்த வினை. காரீயம் உருக்கும் உலையில் நிற்கிறவனுக்குச் சில வருஷத்தில் பல்லும் ஈறும் சேரும் இடத்தில் நீலமாக ஒரு கோடு விழும். ஈயம் உள்ளே குடியேறிவிட்டது என்று அர்த்தம். சுரங்கத்து டாக்டர் மாதம் ஒருமுறை உலைக்காரர்களைக் குளிக்கும் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, கரண்டிக் காம்பால் உதட்டைத் தூக்கிப் பார்ப்பார். கோடு இருந்தால் உலை கிடையாது. பெண்களோடு உட்கார்ந்து களத்தில் ஈயக் கல் பொறுக்க வேண்டியதுதான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு அறையும் தனிக் குழாயும் உள்ள கம்பெனி வீடு உலைக்காரர்களுக்கு மட்டும்தான். உலை போனால் வீடும் போகும்.

பல் இல்லாத இடத்தில் கோடு விழுவதில்லை என்பதைப் பொக்கை தானாகவே கண்டுபிடித்தான். கூட்டாளி ஒருவனுக்கு முன்பல் இரண்டு இல்லை. அவன் கொட்டாவி விட்டபோது அந்தச் சந்தில் மட்டும் ஈறு சிவப்பாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கோடு போனால் விஷமும் போய்விடும் என்று பொக்கை ஒருபடி மேலே போனான். புகையை மூடினால் அடுப்பு அணைந்துவிடும் என்கிற மாதிரி.

இத்தனைக்கும் குடும்பத்துக்கு ஈயம் புதிதல்ல. அந்த மலைக்குள் முதலில் இறங்கியவர்கள் வெள்ளி தேடித்தான் இறங்கினார்கள். வெள்ளி நகத்தளவு இருந்தது, ஈயம் மலையளவு இருந்தது. வந்தது வந்தோம் என்று தங்கிவிட்டார்கள். பாறைமேல் விறகு அடுக்கிக் கொளுத்தி, சூட்டோடு தண்ணீர் ஊற்றிப் பிளந்தது பாட்டன் காலம். வெடி வைத்தது அப்பன் காலம். கூரைத் தகடாக, தண்ணீர்க் குழாயாக, அச்செழுத்தாக, துப்பாக்கிக் குண்டாக ஈயம் ஊரெல்லாம் போயிற்று. படிக்கிறவனுக்கும் சாகிறவனுக்கும் இவர்கள்தான் சப்ளை. குடும்பத்து ஆண்களில் ஒருவனுக்கும் தலை நரைத்ததில்லை, அதற்குள் போய்விடுவார்கள். தலைச்சாயம் விற்கிறவன் அந்தத் தெருப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

பொக்கையின் ஈறு பாஸாகிவிட்டது. அடுத்த மாதம் மச்சினன் கடையில் கூட்டம். வருஷம் திரும்புவதற்குள் உலையில் ஒருவன் வாயிலும் பல் இல்லை. பேச்செல்லாம் காற்றாக வந்தது. மேஸ்திரி திட்டினால்கூடத் தாலாட்டு மாதிரி இருந்தது. டாக்டருக்குப் பரம திருப்தி. தான் கொடுக்கிற கசப்பு மருந்துதான் கோட்டை விரட்டியது என்று நம்பினார். பல் எங்கே என்று அவர் கேட்கவில்லை. இவர்களுக்குப் பல் இருந்ததா என்றே அவர் கவனித்ததில்லை.

ஆறு வருஷம் கழித்து ஒருநாள் பொக்கை டம்ளரைத் தூக்கினான். கை, அறுத்த கோழியின் கழுத்து மாதிரி மணிக்கட்டோடு கவிழ்ந்தது. டீ மடியில் கொட்டியது. விரல் பிடிக்கிறது, மணிக்கட்டு நிமிரவில்லை. ஈறில் கோடு போட வழியில்லாத ஈயம் கையில் இறங்கியிருந்தது. உலையில் இடக்கையால் ஓட்டினான்; கூட்டாளிகள் கண்டும் காணாமல் இருந்தார்கள். வீட்டில் உள் அறையில் மகள் நிறைமாதமாகப் படுத்திருந்தாள்.

"இப்பப் போய் வீட்டைப் பிடுங்கினா பொண்ணு எங்க பெத்துப்பா? கல்லுக் குவியல் மேலயா?" என்றாள் மனைவி.

"டாக்டர் வாயைத்தானே பாக்கறாரு. கையை யாரு பாக்கறா?"

"அது தொங்கற தொங்கலுக்குக் குருடனே பாப்பான்."

மணிக்கட்டு நிமிர்ந்து நிற்கச் சட்டைக்கைக்குள் ஒரு தகரப் பட்டையை வைத்துத் தைத்துவிடலாம் என்பது அவள் யோசனை. பொக்கை உதட்டைப் பிதுக்கினான். அது மூக்கைத் தொட்டது.

"தகரம் குத்தும். சத்தம் வேற போடும். ஈயம்தான் சரி. மெத்துன்னு கையோட உக்காந்துக்கும்."

"ஈயம் வளையுமே."

"மூணு தலைமுறையா ஈயத்துல கெடக்கறோம். நீ எனக்குச் சொல்லித் தர்றியாக்கும்?"

"ஈயத்தைப் பாத்துப் பித்தளை இளிச்சுதாம்" என்றான் மச்சினன். "இளிக்கறதுக்கு உங்களுக்குப் பல்லும் இல்ல மாமா."

ஈயம்தான் என்று முடிவாயிற்று. அவள் வாயை மூடிக்கொண்டு தைத்தாள்.

அந்த மாதப் பரிசோதனைக்கு டாக்டர் வெளியூரிலிருந்து இரண்டு பெரிய டாக்டர்களைக் கூட்டிவந்திருந்தார். கோடே விழாத உலையை அவர்கள் பார்க்க வேண்டுமாம். வரிசையில் இத்தனை பேர் இருக்க, பொக்கையின் தோளில் கைபோட்டார்.

"இவனைப் பாருங்க. பதினெட்டு வருஷம் உலையில நிக்கறான். ஈறு குழந்தை ஈறு மாதிரி இருக்கும். இந்தாப்பா, இந்த விளக்கை நீயே வாய்க்கு நேரா பிடிச்சுக்க."

இடக்கையை நீட்டினான். டாக்டர் வலக்கையில் திணித்தார். கனமான எண்ணெய்க் கைவிளக்கு. பொக்கை அதை உயர்த்திப் பிடித்து, வாயைப் பிளந்தான்.

பெரிய டாக்டர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெருங்கினார்கள். வெளிச்சம் ஈறில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தாடைக்கு வந்தது. பிறகு கழுத்துக்கு. மரியாதைக்காரர்களாதலால் அவர்களும் வெளிச்சத்தோடு சேர்ந்து குனிந்தார்கள். அது நெஞ்சைத் தாண்டி இறங்கி, கடைசியில் தொப்புளில் நின்றது. அங்கே ஈறு இல்லை.

"ஏன் இது கீழ போகுது?" என்றார் ஒருவர்.

"எண்ணெ கம்மி போலங்க."

டாக்டர் சட்டைக்கையை மடித்தார். ஈயப் பட்டை வாழைப்பழத் தோல் மாதிரி தொங்கியது, அதோடு கையும்.

"என்னய்யா இது?"

"ஈயங்க."

"அது தெரியுது. எவ்வளவு நாளா?"

"நேத்துத்தாங்க தச்சோம்."

"கையைக் கேக்கறேன்."

பெரிய டாக்டர்களில் வயதானவர் வரிசையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "உங்க பல்லெல்லாம் எங்கப்பா?" என்றார். உலைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். மூடி என்ன பயன்? பல் இல்லாத வாயை இறுக்கி மூடினால் முகமே மடிந்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். மனைவி முழுதும் கேட்டாள்.

"தகரம்னு சொன்னேன்" என்றாள்.

மறுநாள் காலையில் மேஸ்திரியிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். மச்சினன் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள். களத்துக்குப் பின்னால் ஒரு அறை கிடைத்தது. குழாய் பொது. பொக்கை இடக்கையால் கல் பொறுக்கினான். கொட்டகையில் டாக்டர் உலைக்காரர்களை ஒவ்வொருவராக விளக்கைப் பிடித்து நிற்கச் சொன்னார். பாதிப் பேருடைய விளக்கு இறங்கியது. மத்தியானத்துக்குமேல் அவர்களும் கட்டிலோடு வந்து சேர்ந்தார்கள். ஈயப் பட்டை கம்பெனிச் சொத்து என்று மேஸ்திரி வாங்கிப்போய் உலையில் போட்டார். மனைவி அறையைப் பெருக்கிவிட்டுக் குழாயில் வரிசைக்குக் குடம் வைத்தாள். மகளுக்கு அன்று வலி வரவில்லை.