நோட்டில் ஏறாத வீடு

எங்களுடையது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு வீடு. திருவொற்றியூரில் கடலை ஒட்டிய அந்தச் சந்தில் எல்லாமே ஷீட்டு வீடுகள்தான். மே மாதத்தில் காலை பதினோரு மணிக்கே கூரை கொதிக்க ஆரம்பித்துவிடும். மின்விசிறியைப் போட்டால் மேலே இருக்கும் சூட்டையெல்லாம் அள்ளித் தலையில் கொட்டும். நிறுத்தினால் புழுங்கும். போடுவதா நிறுத்துவதா என்று அம்மாவும் அப்பாவும் சண்டை போடுவதிலேயே கோடை விடுமுறை கழிந்துவிடும்.

எனக்குப் பத்து வயதானபோது அம்மாவின் தம்பி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மாமாவுக்கு எலக்ட்ரீஷியன் வேலை. பக்கத்துத் தெருவில் குடியிருந்தார். கூரைக்கு மேலே வெள்ளையடித்தால் வீட்டுக்குள் சூடு இறங்காது, ஃபேன் ஓடுவது குறையும், கரண்டும் மிச்சம் என்று எங்கோ ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

சந்தில் ஒருவரும் நம்பவில்லை. "செவுத்துக்கு அடிப்பாங்கோ, பாத்துகீறேன். கூர மேல அடிச்சி யாருக்குக் காட்டப்போற நைனா, காக்காவுக்கா?" என்று எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டார். மாமா முதலில் தன் வீட்டுக்கு மட்டும் அடித்தார். மறுநாள் உச்சிவெயிலில் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, ஸ்டூலில் ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப்பார்க்கச் சொன்னார். தொட்டவர்கள் கையை எடுக்கவில்லை. அடுத்த வாரமே ஒரு குழு சேர்ந்துவிட்டது. மாமா, அவருடைய தோஸ்துகள் இரண்டு பேர், அம்மாவோடு சேர்த்து நான்கு பெண்கள்.

சனிக்கிழமை கிளிஞ்சல் சுண்ணாம்பை டிரம்மில் போட்டு ஊறவைப்பார்கள். ஒட்டிப் பிடிக்க வஜ்ரப் பசை காய்ச்சி அதில் ஊற்றுவார்கள். ஞாயிறு விடியும்போதே வேலை தொடங்கிவிடும். ஷீட்டின் மேல் கால் வைத்தால் உடைந்துவிடும் என்பதால் பலகை போட்டு ஆண்கள் அதன்மேல் தவழ்ந்து போவார்கள். பெண்கள் கீழேயிருந்து வாளியை ஏற்றித் தருவார்கள். அப்படியே வீட்டுக்குள் இருக்கும் குண்டு பல்பையும் கழற்றிவிட்டு, கரண்டு குறைவாகக் குடிக்கும் பல்பை மாட்டுவார்கள். ஒரு டிரம் மூன்று வீட்டுக்குத்தான் வரும். நான்காவது வீடு அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும்.

அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குத்தான் முதலில். பிறகு சந்து முனையிலிருந்து வரிசையாக. இதையெல்லாம் எழுதிவைக்கும் நோட்டு என்னிடம் இருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மாமா கொடுத்த பதவி அது. யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது சந்துக்கே தெரியும்தான். ஆனால் எழுதி வைத்தபின் எல்லோரும் நோட்டைத்தான் நம்பினார்கள்.

மூன்றாவது ஞாயிறுக்குக் கைக்குழந்தை வீடு இரண்டுதான் மிச்சம் இருந்தது. அதற்கடுத்து சந்து முனையிலிருந்த எங்கள் வீடு. வாரம் முழுவதும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை குழாயடியில் பின்வீட்டு அக்கா என்னைக் கூப்பிட்டாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் முந்தைய நாள்தான் திரும்பியிருந்தாள். "கண்ணு, எங்க வூட்லயும் பாப்பா வந்துட்ச்சி. உன் நோட்ல எழுதிக்கோ, இன்னா?" என்றாள். தலையாட்டினேன்.

எழுதவில்லை.

மறந்துவிட்டேன் என்றுதான் வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று மாலை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. பேனாவின் மூடியைக் கடித்ததுகூட நினைவிருக்கிறது. எதை எழுதுவதற்காக அதைத் திறந்தேன்?

ஞாயிறன்று எங்கள் கூரை வெளுத்தது. "மாமு, ஏர்போர்ட்டுன்னு நெனச்சி பிளேன் எறங்கிடப்போவுது, தலைய குனிஞ்சிக்கோ" என்று மாமாவின் தோஸ்து பலகையிலிருந்தபடி கத்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானம் குழு எங்கள் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். தோளில் குழந்தை. அதன் முதுகு முழுக்க வேர்க்குரு செக்கச்செவேல் என்று பொரிந்திருந்தது. அது அழக்கூட இல்லை.

"இன்னாண்ணே, பச்சப்புள்ள கீற வூட்ட வுட்டுட்டீங்களே? காலையிலேர்ந்து பால் குடிக்கல. துணியும் நனையல."

மாமா சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார். "நோட்டுல இல்லியேம்மா."

"பைப்பாண்ட உங்க அக்கா பொண்ணுகிட்ட சொன்னேனே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அக்கா எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "சொல்லியிருக்க மாட்டேன். தூக்கமே இல்ல, புத்தி எங்கியோ மேயுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். மாமா டிரம்மைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் கிளிஞ்சல் கசடுதான் கிடந்தது.

அம்மா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தாள். கையைக் கழுவிக்கொண்டு பின்வீட்டுக்குப் போனாள். அங்கே என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்ததும் ஒரு பழைய புடவையை எடுத்து எங்கள் வீட்டு நடுவில் தூளி கட்டினாள். சற்று நேரத்தில் அக்கா குழந்தையோடு வந்துவிட்டாள். வீடு அதற்குள் நன்றாகவே குளிர்ந்திருந்தது. ஈரத்துணியால் குழந்தையின் உடம்பைத் துடைத்துத் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுக்கப் பார்த்தார்கள். நான்கு மணி வாக்கில் அது என் பாயை நனைத்தது. "பேஞ்சிட்ச்சி, பேஞ்சிட்ச்சி!" என்று அம்மா கத்தினாள். அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். என் பாய் போச்சே என்று நான் முறைத்தேன்.

அடுத்த ஞாயிறு முதல் வேலையாக அக்கா வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அதுவரை தினமும் பதினோரு மணிக்கு வந்து பொழுது சாய்ந்த பிறகு போனாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தூளிக் கயிற்றை என் கையில் கொடுத்து, "இத்தப் புடி கண்ணு. நான் ரவ தல சாச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். அம்மாவும் வீட்டில் இல்லை. அக்கா இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கினாள். விளையாடப் போக முடியவில்லை என்ற எரிச்சலோடு நான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு இப்போது எட்டு மாதத்தில் ஒரு மகள். மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாலும், தண்ணீரை நிறுத்தி நிறுத்திக் காது கொடுக்கிறேன். சரியாகப் பிடித்திருப்பாரா, கட்டிலில் தனியாக விட்டுவிடுவாரா என்று மனம் ஓயாது. பெற்றவரைப்போல் பார்த்துக்கொள்பவரிடமே இப்படி. அந்தக் குழந்தைக்கு அப்போது இரண்டு மாதம்கூட இருக்காது. அதன் கயிற்றை அந்த அக்கா, தெரிந்தே, யார் கையில் கொடுத்தாள் என்று நினைக்கும்போது எனக்கு இருக்கும் இடத்தில் உட்காரத் தோன்றுவதில்லை. எழுந்துபோய் அவளைத் தேடிக் கும்பிட வேண்டும்போல் இருக்கிறது.

அன்று எனக்குத் தோன்றியது வேறு. நான் சொன்ன பொய்யை அக்கா நிஜம் என்று நம்பிவிட்டாள், அதனால்தான் கயிற்றை என்னிடம் கொடுத்தாள் என்று அந்தக் கோடை முழுவதும் நிம்மதியாக இருந்தேன்.