மெதுவாக விழும் பந்தயம்

“கதவை அடிக்காதீங்க! உள்ளே இறங்கிட்டிருக்காங்க!”

யார் இறங்குகிறார்கள் என்று தெரியாமல், புதிதாக வருகிறவர்கள் கதவிடுக்கில் ஒரு காலை வைத்தபடியே நின்றுவிடுவார்கள். இறங்குவது ரத்தம்தான். லேபின் மூலை மேஜையில் ஒரு ஸ்டாண்டு. அதில் பன்னிரண்டு மெல்லிய கண்ணாடிக் குழாய்கள் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒருவருடைய ரத்தம். ஒரு மணி நேரத்தில் சிவப்பு எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது என்று அளப்பதுதான் சோதனை. ஆஸ்பத்திரிச் சீட்டில் அதற்கு ஈ.எஸ்.ஆர். என்று பெயர். இங்கே அதற்குப் பந்தயம் என்று பெயர். அதை நடத்துகிறவர் ஒருமணி அக்கா. ஸ்டூலைக் குழாய்களுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையை அடக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருப்பார்.

“அஞ்சாம் நம்பரு, என்னப்பா அவசரம்? பஸ்ஸா போயிடும்? நில்லு, நில்லு. ஒன்பதைப் பாருங்க, எப்படி அசையாம நிக்கறான்! என் ராஜா!”

மெதுவாகப் போகிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கிற பந்தயத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் இங்கே வந்து சேரக் காரணம் என் வலது முழங்கால். போன வருஷம் ஒரு நாள் காலையில் அது பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. விழவும் இல்லை, இடித்துக்கொள்ளவும் இல்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு “அழற்சி” என்றார். நானும் படித்தவன் மாதிரித் தலையை ஆட்டினேன். ஒரு எழவும் புரியவில்லை. புரியவைத்தவர் அக்கா, அதுவும் ஊசி குத்துகிற நேரத்தில்.

“அடிபட்டா, கிருமி வந்தா, உடம்பு ஆளனுப்பும் சார். அந்த இடம் செவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். எல்லாம் நல்லதுக்குத்தான். வந்தவங்க வேலையை முடிச்சிட்டுக் கெளம்பணும்ல? சில பேர் உடம்புல கெளம்ப மாட்டாங்க. எதிரியே இல்லேன்னாலும் கை சும்மா இருக்காது, வீட்டுக்காரனையே போட்டு மொத்துவாங்க. அதான் உங்க முழங்கால்.”

“அதுக்கும் ரத்தம் இறங்கறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“அந்த ரகளை நடக்கறப்போ ரத்தத்துல ஒரு பிசுபிசுப்பு சேரும். சிவப்பணுங்க தட்டு அடுக்கின மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கும். கனமாயிடுச்சா, சடசடன்னு இறங்கும். ரகளை இல்லேன்னா தனித்தனியா ஆடி அசைஞ்சு வரும். அவ்வளவுதான் விஷயம். கையை மடக்கிக்குங்க, எடுத்தாச்சு.”

எப்போது எடுத்தார் என்றே தெரியவில்லை. அன்றிலிருந்து நான் ‘முழங்கால் சார்’. வராந்தாவில் என்னோடு காத்திருப்பவர்கள் ‘விரல் அம்மா’, ‘தாடை மாமா’, ‘இடுப்பு டீச்சர்’. யாருக்கு எங்கே வீங்கியதோ அதுவே பெயர். பதிலுக்கு நாங்கள் வைத்ததுதான் ஒருமணி அக்கா. எழுபது வயது தாடை மாமாவுக்கும் அவர் அக்காதான். ரிசல்ட்டை முன்கூட்டிக் கேட்டுப் பாருங்கள், தெரியும். “ஒரு மணின்னா ஒரு மணி. அம்பத்தொன்பது நிமிஷம் போதும்னா வேற ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

அக்காவின் விசித்திரங்களைச் சொல்லத் தொடங்கினால் பத்திரிகையில் இடம் போதாது. பேனா எப்போதும் காதில்தான் இருக்கும். காரணம் அந்த மேஜை. அதற்கு ஒரு கால் குட்டை. பேனாவை வைத்தால் உருண்டு தரைக்குப் போய்விடும். வேறு மேஜை கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்டாண்டின் அடியிலுள்ள நாலு திருகாணிகளையும் ஏற்றி இறக்கி, கோணல் மேஜையின் மேல் குழாய்கள் நேராக நிற்கும்படி அவரே செய்துகொண்டார். குழாய் கொஞ்சம் சாய்ந்தாலும் ரத்தம் வேகமாக இறங்கி அளவு கெட்டுப்போகும். அந்தத் திருகாணிகளை வேறு யாரும் தொடக்கூடாது. தும்முவதாக இருந்தால்கூட வெளியே போய்த் தும்ம வேண்டும்.

குழாய்களின் கீழே ஒட்டியிருக்கும் பெயர்களை ஒரு காகிதப் பட்டையால் மறைத்துவிட்டுத்தான் அளவு படிப்பார். “பேரைப் பார்த்தா கண்ணு பொய் சொல்லும் சார். பிடிச்சவங்களுக்கு ரெண்டு மில்லிமீட்டர் கொறைச்சுக் காட்டும்.” திங்கட்கிழமைகளில் பன்னிரண்டாம் குழாயில் அவருடைய சொந்த ரத்தம் நிற்கும். அது எப்போதும் எட்டுதான். எட்டு வந்தால் அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். “உயரம் அஞ்சடி, ரத்தம் எட்டு” என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிற ஒரே மனுஷி இவராகத்தான் இருப்பார்.

அக்காவின் வீட்டுக்காரருக்குத் தொழில் சாவி செய்வது. கடைத்தெரு முனையில் ஒரு பெட்டிக்கடை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் எழுந்தபோது அவருடைய பத்து விரல்களும் வீங்கி விறைத்திருந்தன. “கையை மூடினா தொறக்கல, தொறந்தா மூடல. எத்தனையோ பூட்டைத் தொறந்தவன் சார் நான்!” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அரம் பிடிக்க முடியாமல் கடை மூடியே கிடந்தது. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, முகம் மட்டும் வட்டமாக உப்பிவிட்டது. பசி வந்தது, தூக்கம் போனது, கூடவே ஒரு துறுதுறுப்பும் ஏறிக்கொண்டது. வாரம் முடிவதற்குள் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் கிறீச்சிடும் கதவு ஒன்றுகூட மிச்சமில்லை. எதிர்வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரத்தில் அவருடைய தாழ்ப்பாளைக் கழற்றி எண்ணெய் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

“அது மாத்திரை இல்ல சார், மோட்டார்” என்பார் அக்கா. “முழுங்கினதும் வீட்ல எதையாவது பிரிச்சுப் போட்டுடுவார்.”

ஆனால் அந்த மாத்திரையையே நம்பி வருஷக்கணக்கில் ஓட்ட முடியாது, எலும்பைத் தின்றுவிடும். அதனால் நாலு மாதமாகப் பதினைந்து நாளைக்கு ஒரு புது ஊசி. டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார்: கைவீக்கம் அடங்கிவிட்டது, ஈ.எஸ்.ஆரும் இருபதுக்குக் கீழே வந்துவிட்டால் மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கலாம், கடையைத் திறக்கலாம். வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து. கடை இடத்துக்குச் சொந்தக்காரரோ இந்த மாதக் கடைசிக்கு மேல் பொறுக்க மாட்டேன் என்றுவிட்டார். செல்போன் உறை விற்கிற ஒருவர் வந்து இரண்டு தடவை இடத்தை அளந்துவிட்டும் போய்விட்டார்.

இதற்கிடையில் ஒரு பிளாஸ்க் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் அக்கா வீட்டுக்காரருக்கு டீ ஊற்றி, திருகு மூடியை அரைச் சுற்றோடு நிறுத்திக் கொடுப்பார். விரல்களுக்குச் சிரமம் இருக்கக்கூடாதல்லவா? அவர் அதைத் தொட்டதும் திறந்துகொள்ளும். “பாத்தியா, நானே தொறந்துட்டேன்!” “ஆமா, பெரிய பயில்வான்!” இருவருக்கும் உண்மை தெரியும். ஒரு தடவை அக்காவின் பைக்குள் டீ முழுதும் கொட்டி, இடுப்பு டீச்சரின் ரிப்போர்ட் தேநீர் நிறத்தில் வெளியே வந்தது. அப்போதும் மூடி அரைச் சுற்றைத் தாண்டவில்லை.

போன திங்கட்கிழமைதான் வீட்டுக்காரரின் ரத்தத்துக்கு அந்தப் பரீட்சை. டைமர் அடித்ததும் அக்கா பட்டையை ஒட்டிவைத்துப் படிக்கத் தொடங்கினார். அன்றைக்கு எனக்கு உள்ளே உட்கார அனுமதி. தும்மமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு எண்ணையும் சொல்லச் சொல்ல அவருடைய புருவம் மேலே போயிற்று. பன்னிரண்டாம் குழாயில் நின்றேவிட்டது.

“பதிமூணு? நான் எப்படிப் பதிமூணு? சார், தொண்டையைப் பாருங்க, செவந்திருக்கா? ஆ...”

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர் வாயைத் திறக்க, அச்சுப்பிழை திருத்துகிற நான் செல்போன் விளக்கை அடித்து உள்நாக்கைப் பார்த்தேன். சிவப்பு இல்லை என்று தீர்ப்புச் சொன்னேன். ஈறைப் பார்க்கச் சொன்னார். அதையும் பார்த்தேன். முழங்கையைத் தடவினார், கழுத்தைத் தடவினார். “எங்கேயோ ரகளை நடக்குது, எனக்கே தெரியாம!”

அப்புறம் பட்டையைப் பிரித்தார். சாவிக்காரர் இருந்தது ஆறாம் குழாய். இருபத்தாறு.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். சிரித்தே பழகிய முகம் அழத் தெரியாமல் எப்படியோ ஆனது. “கடை போச்சு சார்” என்றார். எழுதத்தானே வேண்டும்? இருபத்தாறு என்று எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவைக் காதில் செருக மறந்து மேஜைமேல் வைத்தார்.

பேனா அப்படியே கிடந்தது.

நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். விரலால் தட்டிவிட்டார், அரை அடி உருண்டு, சாதுவாக நின்றுவிட்டது. அக்கா சடாரென்று மேஜைக்கு அடியில் குனிந்தார். குட்டைக் காலின் கீழே ரப்பர்த் துண்டு ஒன்று, காலின் அளவுக்குச் சுத்தமாக வெட்டி, இரண்டு மடிப்பாக வைக்கப்பட்டிருந்தது.

“என்னங்க!”

பன்னிரண்டு வருஷத்தில் அந்த லேபில் தொண்டையை அடக்காமல் எழுந்த முதல் கூச்சல் அதுதான். சாவிக்காரர் வராந்தாவிலிருந்து ஓடி வந்தார்.

“மேஜையா? நீ அந்தப் பக்கம் ரத்தம் எடுத்திட்டிருந்தியா, பாத்தேன், கோணலா இருந்துச்சு. ரெண்டே நிமிஷம். எப்படி நிக்குது பாரு!” பாராட்டுக்காக நின்றார் மனுஷர்.

“கோண மேஜைக்கு ஏத்த மாதிரி ஸ்டாண்டை நேர் பண்ணி வெச்சிருக்கேன். நீங்க மேஜையை நேர் பண்ணா ஸ்டாண்டு என்னாகும்? உங்க உடம்புக்கு ஏத்த ஆளுங்க நீங்க! யாரும் கூப்பிடாமலே வந்து, நல்லா இருக்கறதைப் போட்டு ரிப்பேர் பண்றது!” திட்டத் தொடங்கியவருக்குப் பாதியிலேயே சிரிப்பு பொத்துக்கொண்டது. எனக்கும் அடக்க முடியவில்லை. ரப்பரை உருவினார், பேனா கடகடவென்று உருண்டு தரையில் விழுந்தது. மூன்று பேரும் கைதட்டினோம். கதவைத் தட்டி, உள்ளே என்ன விசேஷம் என்று கேட்டார் தாடை மாமா.

“எல்லாருக்கும் மறுபடி ஒரு மணி நேரம்! யாரும் கோவிச்சுக்காதீங்க!”

அதே ரத்தத்தை நன்றாகக் கலக்கிப் புதுக் குழாய்களில் ஏற்றினார். பன்னிரண்டில் தன்னுடையது. மற்றவற்றின் வரிசையைக் கலைத்துவிட்டுப் பட்டையை ஒட்டினார். சாவிக்காரரைச் சுவரோரம் உட்காரவைத்து, “கை ரெண்டும் தொடைக்கு அடியில! எதையும் தொடக்கூடாது!” என்றார். அவர் அப்படியே உட்கார்ந்து, கண்ணால் மட்டும் ஜன்னல் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அன்றைய பந்தயத்துக்கு வர்ணனை இல்லை. யாரிடம் நில் என்று சொல்வது? எல்லாரையுமே நில்லுங்கள் என்று வேண்டிக்கொண்டிருந்தோம்.

டைமர் அடித்தது. அக்கா எழுந்திருக்கவில்லை.

“நீங்க படிங்க சார். பேரை மூடினாலும் இன்னிக்கு என் கண்ணு பொய் சொல்லும்.”

முழங்கால் கடகடக்க மண்டிபோட்டு, ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். பன்னிரண்டுக்கு வந்தேன். எட்டு.

“எட்டு! நான் எட்டு சார்!” என்று தோளில் ஓர் அடி விட்டார். இன்றும் வலிக்கிறது, வீக்கம் இல்லை.

பட்டையை அவரே மெல்லப் பிரித்தார். நாலாம் குழாயின் கீழே வீட்டுக்காரர் பெயர். தாளில் நான் சொல்லி அவர் எழுதியிருந்த எண்ணைத் தேடி விரல் போனது. பதினாலு.

சாவிக்காரர் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுக்கலாமா என்று கேட்டார். “இரு” என்றார் அக்கா. கல்யாணமான நாளாக ‘இருங்க’ என்றே சொன்ன வாய் அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தார். அரைச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்த மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தார். முழுச் சுற்று திருகினார். பல்லைக் கடித்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டின் நுனியால் பிடித்து, இனி நகராது என்கிற வரைக்கும் இறுக்கினார். பிறகு அதை அவர் மடியில் வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து எதிரே நின்றார்.