ஏலக்காய் ஸ்டோரில் ஒரு ஸ்பீடு போட்டு

குமுளிக்கு மேலே ஏசுதாஸ் முதலாளியின் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பார்க்கிறவள் சாந்தம்மாள். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்து வந்த பச்சை ஏலக்காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, சூடு காட்டி உலர்த்துகிற கட்டிடம். அடுப்பு வெளியே எரியும். குழாய் வழியாகச் சூடு மட்டும் உள்ளே வரும். கொஞ்சம் கூடினால் காய் வெளுக்கும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். சுவரில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. முதலாளி அதைப் பார்ப்பார். சாந்தம்மாள் கதவைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டி, "நாப்பத்தேழு" என்பாள். நாற்பத்தேழாகத்தான் இருக்கும். ஐம்பத்து மூன்று வயதில் அவள் பெருமைப்பட்டுக்கொள்ள இது ஒன்று போதும் என்று இருந்தாள்.

அவளுடைய புருஷன் நல்லதம்பி தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த எந்திரத்தைக் காட்டினாலும் சுற்றி ஒரு நடை நடப்பார், விரலால் ஒரு தட்டு தட்டுவார், "ரெண்டு நாள் வேலை" என்பார். பக்கத்து வீட்டு மிக்சிகூட ரெண்டு நாள் வேலைதான். நாலு மாதமாகக் கட்டிலுக்கடியில் கிடந்தது.

போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், சாந்தம்மாள் வேலை முடிந்து வீட்டுக்கு ஏறி வந்தபோது பாதை அடைத்துக் கிடந்தது. நடுவே ஒரு ஸ்பீடு போட்டு, எஞ்சின் வைத்து ஓட்டுகிற படகு, பதினைந்து அடி நீளம். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது பாசி பிடித்துப் பச்சை. உள்ளே முழங்கால் அளவு மழைத்தண்ணீர், அதில் தவளைகள். எதிரே டீக்கடை வைத்திருக்கும் பெரியமுத்து பால்கேனோடு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நின்றார்.

"ஏங்க, என்னது இது?"

"போட்டு."

"அது தெரியுது. நம்ம வீட்டுக்கு எதுக்கு வந்துச்சு?"

நல்லதம்பி விவரம் சொன்னார். கீழே எஸ்டேட் ஏரிக்கரையில் இருக்கிற ரிசார்ட்டை ஜோமோன் என்கிற மலையாளி புதிதாக வாங்கியிருக்கிறார். வெள்ளம் வந்த வருஷம் மூழ்கிய போட்டு அங்கே பலாமரத்தடியில் கிடந்தது. அதைப் பாதியாக அறுத்து வாசலில் பூச்செடி வைக்கலாம் என்று அவருக்கு யோசனை. அறுக்கக் கூப்பிட்டது நல்லதம்பியை.

"ரம்பத்த வச்சேன், கை வரல புள்ள. ‘நல்லா ஓடக்கூடிய சாமான் சாரே, வேற ஆளப் பாருங்க'ன்னேன். ‘ஓடுமெங்கில் நீயே கொண்டுபோய்க்கோ'ன்னு சிரிச்சாரு. டிராக்டர்ல கட்டி இழுத்தாந்துட்டேன்."

"ஓடும்னா எங்கிட்டு ஓடும்? குழாய்ல குளிக்கவே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி வருது!"

"ரெண்டு நாள் வேலை சாந்தி."

சாந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் வாய்ச்சொல்லை நம்பாதவள். மறுநாளே ரிசார்ட்டுக்கு இறங்கிப் போய், "போட்டை நல்லதம்பிக்கே கொடுத்துவிட்டேன்" என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, ரேஷன் கார்டுக்குள் செருகி வைத்தாள். ஜோமோன் எழுதும்போதும் சிரித்துக்கொண்டுதான் எழுதினார்.

தண்ணீரை இறைத்துக் கொட்டினார்கள். தவளைகளைப் பெரியமுத்து ஓடைக்குக் கொண்டுபோய் விட்டார். அப்புறமும் எட்டுப் பேர் சேர்ந்து தூக்கியும் போட்டு அசையவில்லை. அடியில் ஒரு துளை போட்டார் நல்லதம்பி. அதிலிருந்து தண்ணீர் ஒழுகியது. மறுநாளும் ஒழுகியது. பதினோரு நாள் நிற்கவில்லை. "நல்லதம்பி மலை மேல ஊத்து கண்டுருக்காரு" என்று பெரியமுத்து டீ குடிக்க வருகிறவர்களையெல்லாம் அழைத்து வந்து காட்டினார்.

தரைப்பலகையைப் பெயர்த்தபோது காரணம் தெரிந்தது. ஃபைபருக்கு நடுவே வைத்திருந்த பிளைவுட், கையில் எடுத்தால் புட்டாக உதிர்ந்தது. அதற்கடியில் மிதப்பதற்காக அடைத்திருந்த ஃபோம், வெள்ளத்தில் குடித்த தண்ணீரை இன்னும் விடாமல் வைத்திருந்தது. எஞ்சின் மாட்டுகிற பின்பலகையில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரைக்கும் இறங்கியது. நல்லதம்பி அழுகியதையெல்லாம் வெட்டி எறிந்து, எடை குறைந்த போட்டைக் கொல்லைக்குத் தள்ளிவிட்டு, கிரைண்டரைப் போட்டுப் பழைய ஃபைபரைத் தேய்க்க ஆரம்பித்தார். சித்திரை முழுக்கத் தேய்த்தார். தூசி வெள்ளை மாவாகக் கிளம்பி வீடு, மரம், கொடியில் காயும் துணி எல்லாவற்றிலும் படிந்தது.

அது வெறும் தூசி இல்லை, கண்ணாடி இழை என்பது வீட்டுக்குத் தெரியவந்தது மகள் ஆர்த்தியைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு.

ஆர்த்தி குமுளியில் ஒரு மசாலா ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை அஜய், கம்பத்தில் வண்டிகளுக்கு வயரிங் செய்யும் கடை வைத்திருப்பவன். அம்மா, அப்பா, தாய்மாமன், சித்தி என்று ஏழு பேர் வந்தார்கள். சாந்தம்மாள் துவைத்துக் காயவைத்த விரிப்புகளை நாற்காலிக்கெல்லாம் போட்டு உட்காரவைத்தாள். கேசரி எடுத்துக்கொண்டு வருவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா கழுத்தைச் சொறிந்தாள். அடுத்து சித்தி. தாய்மாமன் கொஞ்ச நேரம் கௌரவமாக நெளிந்தார்; பிறகு எழுந்து கதவு நிலையில் முதுகைத் தேய்த்தார்.

"ஏம்மா, மூட்டப்பூச்சி இருக்கோ?"

சாந்தம்மாளுக்கு உயிரே போய்விட்டது. நல்லதம்பிக்கோ யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி ஆனது.

"பூச்சியெல்லாம் இல்லங்க. கண்ணாடித் தூசி! நல்ல சாமான். பழகிருச்சுன்னா தெரியாது. எனக்கெல்லாம் தெரியுறதே இல்ல" என்றார், முழங்கையைச் சொறிந்துகொண்டே.

"கண்ணாடித் தூசியா? என்ன வேலை மாமா பண்றீங்க?" என்று அஜய் கேட்டான். அவ்வளவுதான். இரண்டு பேரும் கொல்லைப்பக்கம் போனார்கள். காப்பி ஆறியது. ஆர்த்தி பட்டுச்சேலையில் தட்டோடு அரை மணி நேரம் நின்றாள். கடைசியில் தட்டை டங்கென்று வைத்தாள்.

"ஏம்மா, இவரு பொண்ணு பார்க்க வந்தாரா, போட்டு பார்க்க வந்தாரா?"

மாப்பிள்ளை வீட்டார் கம்பம் பஸ்ஸில் மலை இறங்குகிறவரைக்கும் சொறிந்துகொண்டே போனார்கள் என்று பிறகு தெரிந்தது. இந்தச் சம்பந்தம் இதோடு போச்சு என்று சாந்தம்மாள் சாமி படத்துக்கு முன் உட்கார்ந்து அழுதாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஜய் தனியாக வந்து நின்றான், தோளில் ஒரு வயர்ச்சுருளோடு. நேரே கொல்லைக்குப் போனான். அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். ஆர்த்தி மூன்று ஞாயிறு அவனோடு பேசவில்லை. நாலாவது ஞாயிறு, போட்டின் மூக்குக்கடியில் படுத்திருந்தவனுக்கு அவள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். சாந்தம்மாள் பார்த்தும் பார்க்காதவளாக உள்ளே வந்துவிட்டாள்.

ஆடி பிறந்தது, மழையும் பிடித்தது. ரெசின் என்கிற பசையைப் பூசுகிற வேலைக்கு அந்த நேரம்தான் கிடைத்தது நல்லதம்பிக்கு. கம்பத்தில் கடை வாசல்களுக்கு ஃபைபரில் யானையும் பசுமாடும் செய்கிற ஜெகனிடம் சாமான் வாங்கி வந்திருந்தார். கண்ணாடி நூல் பாயை விரித்து, இறுகவைக்கிற ஹார்டனர் கலந்த ரெசினைத் தடவினால் அரை மணி நேரத்தில் கல்லாகிவிடும் என்று ஜெகன் சொல்லியிருந்தான். அது கம்பத்து வெயிலுக்குச் சொன்ன கணக்கு. குமுளி மூட்டத்தில் மூன்று நாள் ஆகியும் பலாப்பால் மாதிரி பிசுபிசுத்தது. பெரியமுத்துவின் சேவல் அதில் ஏறி, வால்சிறகில் பாதியை விட்டுவிட்டு இறங்கியது.

"ஹார்டனர் பத்தல" என்று நல்லதம்பி இரண்டு பங்கு ஊற்றினார். வாளி புகைய ஆரம்பித்தது. தூக்கி வெளியே வைப்பதற்குள் அடி உருகி ஓடிவிட்டது. அக்கம்பக்கம் குடத்தோடு ஓடி வந்தது. அத்தோடு, ஏற்கெனவே பூசின இடமெல்லாம் ஒரு வாரத்தில் அப்பளமாகக் கொப்பளித்தது.

சாந்தம்மாள் கொப்பளத்தை அழுத்திப் பார்த்தாள். தண்ணீர் வந்தது. மோந்து பார்த்தாள்.

"தள்ளுங்க. ஈரத்து மேலயே பூசியிருக்கீங்க. பச்சக் காயை மூட்டை கட்டுனா என்னாகும்? அதே கததான். மொதல்ல உள்ள இருக்கிற ஈரம் வெளிய வரணும். அப்புறம் சீரா சூடு குடுக்கணும்."

"அம்புட்டுப் பெரிய சாமானுக்கு எங்க போய்ச் சூடு குடுக்க?"

மறுநாள் காலை அவள் ஏசுதாஸ் முதலாளி முன்னால் போய் நின்றாள். ஸ்டோருக்குப் பக்கத்தில் மீன்குழம்புத் தூக்குச்சட்டியைத் திறக்கக்கூட விடாத மனுஷன் அவர். ஏலக்காய் வாடையை இழுக்கும் என்பார்.

"இத்தனை வருஷத்துல நான் ஒரு மூட்டை கெடுத்திருக்கேனா முதலாளி?"

"இல்ல சேச்சி. என்ன காரியம்?"

"அடுத்த பறிப்புக்கு ரெண்டு வாரம் இருக்கு. ஸ்டோர் சும்மாதான் கெடக்கு. சாவி எங்கிட்ட இருக்கட்டும். ஒரு போட்டைக் காயவைக்கணும்."

ஏசுதாஸ் போட்டு என்கிற சொல்லை இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். வாடை முழுக்கப் போகாமல் ஒரு தட்டுகூட ஏற்ற மாட்டேன் என்று அவள் சத்தியம் செய்தபிறகு சாவியைக் கொடுத்தார்.

தட்டுகளையெல்லாம் வெளியே எடுத்து அடுக்கினார்கள். போட்டைப் பின்பக்கமாக உள்ளே தள்ளினார்கள். பத்து அடி போனது. அதற்கு மேல் இடமில்லை. மூக்கு ஐந்து அடி வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டது. சுற்றியுள்ள இடைவெளியைச் சாக்கும் தார்ப்பாயும் வைத்து அடைத்தாள். ரோட்டிலிருந்து பார்த்தால், ஒரு போட்டு ஏலக்காய் ஸ்டோரை உடைத்துக்கொண்டு வெளியே பாய்கிற மாதிரி இருந்தது. ஜீப்பில் போன சுற்றுலாக்காரர்கள் இறங்கிப் படம் எடுத்தார்கள். ஒருவர் டிக்கெட் எங்கே வாங்க வேண்டும் என்று கேட்டார்.

சாந்தம்மாள் நாற்பதில் சூட்டை வைத்து ஆறு நாள் விடாமல் காத்தாள். கொப்பளித்ததையும் நனைந்த ஃபோமையும் முன்பே பிய்த்துப்போட்டாயிற்று. மிச்சமிருந்த பலகையிலிருந்து ஒரு துண்டு வெட்டிவைத்து, காலையும் மாலையும் ஏலக்காய்த் தராசில் நிறுத்துப் பார்த்தாள். எடை இறங்கிக்கொண்டே வந்தது. ஏழாவது நாள் இறங்குவது நின்றது.

"இப்ப கூப்பிடுங்க அந்தத் தம்பிய" என்றாள்.

ஜெகன் மலை ஏறி வந்தான். அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவைத்து, புதுப் பலகை வைத்து நாலு அடுக்குப் பாய் ஒட்டினான். நல்லதம்பி உருளைக்கட்டையால் காற்றுக்குமிழிகளை நீக்கினார். வாடை ஓரளவு அடங்கிய பிறகு சாந்தம்மாள் இளஞ்சூடு காட்டினாள். முகத்தை நீட்டி, "முப்பத்திரெண்டு, போதும்" என்றாள். மறுநாள் ஜெகன் பின்பலகையைச் சுத்தியலால் தட்டினான். கோயில் மணி மாதிரி கணீரென்று சத்தம்.

"அக்கா, பேசாம கம்பத்துக்கு வந்துருங்க. என் பட்டறைல யானைக்குச் சூடு வைக்க ஆளில்ல."

வேலை முடிந்தும் அவள் ஸ்டோரை நாலு நாள் திறந்தே போட்டாள். வேப்பிலைக் கொத்துகளைத் தொங்கவிட்டாள். ஏசுதாஸ் உள்ளே வந்து மூலைக்கு மூலை மோந்து பார்த்து, தட்டுகளை ஏற்றச் சொன்னார். போட்டின் பாடுதான் வேறு. எத்தனை தடவை கழுவினாலும் ஏலக்காய்ப் பாயசம் வைத்த பாத்திரமாக மணத்தது.

போட்டோடு வந்த பழைய எஞ்சினை அஜயும் நல்லதம்பியும் ஒரு வழியாக உயிர்ப்பித்தார்கள். தண்ணீர் நிரம்பிய டிரம்முக்குள் அதை இறக்கிக் கயிறை இழுத்தபோது, டிரம்மில் இருந்த தண்ணீர் முழுவதும் டீக்கடைக்குள் இருந்தது. பெரியமுத்து வடைத்தட்டைக் கவிழ்த்து வடித்துவிட்டு, "ஓடுதுய்யா!" என்று கத்தினார். அவர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை என்பதை ஊர் இன்றைக்கும் ஆச்சரியமாகச் சொல்லும்.

மார்கழியில், படகுகளைச் சோதிக்கிற அதிகாரி வந்து பார்த்துச் சான்று கொடுத்தபிறகு, போட்டை ஏரியில் இறக்கினார்கள். ஜோமோன் கரையில் நின்றார். ரிசார்ட்டில் படகு ஓட்ட லைசென்ஸ் வைத்திருக்கும் டின்டு ஏறி உட்கார்ந்து முடுக்க, போட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏரியை இரண்டாகக் கிழித்துப் போனது. ஜோமோன் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை.

"இது நம்முடெ போட்டு அல்லே நல்லதம்பியண்ணா! கெஸ்டுக்கு நல்லா இருக்கும். இங்கேயே நிக்கட்டே."

"நிக்கட்டும் சாரே" என்றார் நல்லதம்பி. பழுது தீர்ந்துபோன சாமானில் அவருக்கு அதற்கு மேல் அக்கறை இல்லை. அவருடைய கண் ஏற்கெனவே ரிசார்ட்டின் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த ஜெனரேட்டர் மேல் போயிருந்தது.

சாந்தம்மாள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, அந்தத் தாளைப் பிரித்து நீட்டினாள்.

"இது உங்க கையெழுத்துதானே சாரே?"

ஜோமோன் படித்தார். காதைச் சொறிந்தார். "சேச்சி என்ன வேணும், பறையூ" என்றார்.

"போட்டு இங்கயே ஓடட்டும். வாடகை நியாயமா குடுத்துருங்க. ஞாயித்துக்கெழமை மத்தியானம் மட்டும் அது எங்களுக்கு."

"உங்களுக்குன்னா?"

"தோட்டத்துல காய் பறிக்கிறவங்களுக்கு. இந்த ஏரியப் பாத்துக்கிட்டே இருவது வருஷமா வேலைக்குப் போறோம். ஒருத்தி கால் நனைச்சதில்ல."

ஜோமோன் யோசித்தார், தாளை இன்னொரு தடவை பார்த்தார், தலையாட்டினார்.

தை மாதம் ஆர்த்திக்கும் அஜய்க்கும் நிச்சயதார்த்தம் முடிந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் அன்றைக்கு முழுவதும் நின்றுகொண்டே இருந்தார். எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, பெண்கள் ஆறு பேர் சேலைக்கு மேல் ஆரஞ்சு உயிர்காப்புச் சட்டை மாட்டி, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டு ஏறினார்கள். சாந்தம்மாள் முன்னால் உட்கார்ந்தாள். போட்டு கிளம்பியதும் எல்லோரும் ஒரே குரலில் அலறினார்கள். டின்டு பயந்து வேகத்தைக் குறைத்தான்.

"ஏம்ப்பா குறைச்ச?" என்று சாந்தம்மாள் திரும்பிப் பார்த்தாள். "நாங்க சந்தோசத்துல கத்துறோம். நீ போ!"

தண்ணீர் முகத்தில் அறைந்தது. கொண்டை அவிழ்ந்தது. நெஞ்சுக்குள் என்னவோ குபுக்கென்று கிளம்பியது. பயமா சிரிப்பா என்று அவளால் சொல்ல முடியவில்லை; இந்தச் சூட்டுக்கு அவளிடம் எண் இல்லை.

கரைக்கு வந்ததும் ஐந்து பேர் இறங்கினார்கள். காய் பறிக்கிற பாண்டீஸ்வரி மட்டும் இருக்கையைக் கெட்டியாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எறங்குடி, முடிஞ்சிருச்சு" என்றாள் சாந்தம்மாள்.

"நான் கெளம்புனதுல இருந்து கண்ண மூடிட்டேன் அக்கா. ஒண்ணுமே பாக்கல."

இறங்கிய ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடியும் ஏறினார்கள்.