ஒரு மா பி.ஏ.

என் படிப்பின் விலை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்: ஒரு மா. அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. ஒரத்தநாட்டுப் பக்கம், தார் ரோட்டை ஒட்டியிருந்த அந்த ஒரு மாவை ஒத்திக்கு வைத்துத்தான் அப்பா என்னைத் தஞ்சாவூரில் பி.ஏ. வரலாறு சேர்த்தார். ஒத்தி மிக நாகரிகமான ஏற்பாடு. வட்டி கிடையாது. பணம் கொடுத்தவர் நம் நிலத்தில் பயிர் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அசலைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் திரும்பி வரும். அதுவரை நம் வயலை நாம் ரோட்டில் நின்று பார்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

பணம் கொடுத்தவர் அடுத்த தெருக்காரர். ரத்த உறவு கிடையாது, கோயில் உறவு. அப்பாவை அவர் அண்ணே என்பார், நான் அவரைச் சித்தப்பா என்பேன். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் ஆண்கள் கூடுவார்கள். சாமியார் உள்ளே ஆன்மாக்களை விசாரித்தது போதாதென்று, இவர்கள் வெளியே பிள்ளைகளை விசாரிப்பார்கள். சித்தப்பாவின் மகன் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்துவிட்டுச் சிங்கப்பூர் போயிருந்தான். ஆகவே விசாரணைக் குழுவின் தலைவர் அவர்தான்.

“என்ன பி.ஏ., இன்னைக்கி எந்த ராஜா செத்தாரு?”

“எல்லாரும் செத்துட்டாங்க சித்தப்பா. ஆனா ஒரு எடமும் காலியாவல.”

நாடு தாராளமயமாகிக்கொண்டிருந்த காலம் அது. யாரிடம் தாராளம் என்பதை மட்டும் பேப்பரில் போடவில்லை. நான் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்து அடுத்தவர்களின் துபாய் அழுகைகளைக் கேட்டுப் பில் கிழித்தேன். பிறகு ஒரத்தநாடு கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள். மாதா கோயிலைப் போலவே அங்கும் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும், உள்ளே ஏ.சி. மட்டும் அதிகம். பி.ஏ. படித்தால் சோறு கிடைக்காது, கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுங்கள் என்று பி.ஏ. படித்தவர்களிடம் எடுத்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு பி.ஏ. தேவைப்பட்டது. டை கொடுத்தார்கள். ஆள் சேர்த்தால் கமிஷனும் கொடுத்தார்கள். என் பட்டம் முதல்முறையாகச் சம்பாதித்தது தன்னைத்தானே திட்டித்தான்.

ஒத்திக்குக் கெடு இருந்தது. அந்த வருஷம் குறுவைக்கு நாற்று விடுவதற்குள் பணத்தைக் கட்டாவிட்டால், அறுப்பு முடிந்ததும் நிலத்தைச் சித்தப்பாவுக்கே கிரயம் செய்து கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. இதில் எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. நாற்று விட்டாகிவிட்டால் அறுப்பு வரை வாயை மூடிக்கொள்ள வேண்டும். நாமும் பணத்தை நீட்டி நிலத்தைக் கேட்கக் கூடாது, அவரும் நிலத்தை நீட்டிப் பணத்தைக் கேட்கக் கூடாது.

அந்தக் கோடையில் அப்பா ரோட்டோரம் நிற்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. என்னிடம் பணம் கிட்டத்தட்டச் சேர்ந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு ஆளைச் சேர்த்தால் போதும்.

அந்த ஒரு ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சித்தப்பா. கூடவே பிளஸ் டூ முடித்திருந்த அவர் மகள்.

“இவளுக்கு நல்ல கோர்ஸா பாத்துப் போடு. பி.ஏ. படிக்கப் போறேன்னு அடம் பிடிக்கிறா. உன்னயப் பாத்தா திருந்துவாள்னு கூட்டியாந்தேன்.”

சித்தப்பா கட்டும் பணத்தில் எனக்குக் கமிஷன். அந்தக் கமிஷனால் சித்தப்பாவிடமிருந்தே நிலம். சோழர்கள்கூட இவ்வளவு அழகாகப் படையெடுத்ததில்லை. நான் டையைச் சரிசெய்துகொண்டு தொடங்குவதற்குள் அந்தப் பெண் கேட்டுவிட்டாள்.

“அண்ணே, நெசமாச் சொல்லுங்க. நீங்க வரலாறு படிச்சது வேஸ்ட்டா?”

வேஸ்ட் என்று தினமும் பத்துப் பேரிடம் சொல்கிற வாய்தான். அன்றைக்கு என்னவோ திக்கியது.

“காசுன்னு பாத்தா வேஸ்ட்டுதாம்மா. ஆனா படிச்ச மூணு வருஷம் நல்லா இருந்துச்சு. இப்பவும் பேப்பரப் பிரிச்சா எனக்குச் சிரிப்பு வரும். என்கூட வேலை பாக்குறவங்களுக்கு அது வர்றதில்ல.”

“அப்ப எனக்கு அதான் வேணும்.”

சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன்டா, விக்க உக்காந்தவன் பேசுற பேச்சாடா இது?” அதே கேள்வியை அன்று மாலை மேனேஜரும் இன்னும் நல்ல ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கு ஒரே ஆறுதல், மேட்டூரில் இன்னும் தண்ணீர் திறக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்தால்தானே நாற்று விடுவார், அதற்குள் இன்னொருவனைப் பிடித்துவிடலாம் என்று இருந்தேன். சித்தப்பாவிடம் பம்புசெட் இருந்தது என் நினைவிலேயே இல்லை. வரலாறு படித்தவனுக்கு ஆறுதான் முக்கியம். பாடத்தில் பம்புசெட் வரவில்லை. மறுவாரம் அப்பா ரோட்டிலிருந்து திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“நாத்து விட்டாச்சு.”

அவ்வளவுதான். அம்மா ஜெபமாலையை எடுத்தார். நான் பேப்பரை எடுத்தேன். சிரிப்பு வரவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு மாலை சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொண்டு குடிக்காமல் வைத்திருந்தார்.

“அண்ணே, இருக்குற பணத்தக் குடுத்துட்டு நெலத்த எடுத்துக்கங்க.”

அப்பாவின் முகம் பெரிய வெள்ளிக்கிழமை முகமாக மாறியது. “நாத்து விட்டுட்டியே தம்பி. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. அறுப்பு முடியட்டும்.”

“அறுப்பு வரைக்கும் காலேஜுல காத்திருப்பானா? திருச்சியில எம் பொண்ணுக்கு எடம் கெடச்சிருச்சு. ஃபீஸு, ஆஸ்டலு எல்லாம் திங்கக்கெழம கட்டணும். சிங்கப்பூருலேருந்து பய அனுப்புனது பூரா மாடி வீட்டுல போயிருச்சு, அதுக்கு இன்னும் கூரை போட்ட பாடில்ல. அவ அம்மா நகையும் பேங்குல அடமானத்துல கெடக்கு.”

“புள்ள என்ன படிக்குது?”

“இவன் படிச்ச கண்றாவியத்தான்.”

அப்பா பேரம் பேசி நான் பார்த்தது அன்றுதான். முறை, முறை என்று சொல்லியே, எங்களிடம் குறைந்த பணத்தைத் தள்ளுபடி செய்ய வைத்தார். நாற்றை வயலோடு விட வைத்தார். அதற்கு ஈடாக அறுப்பில் இரண்டு மூட்டை என்று முடிந்தது. அதுவும் இரண்டரை என்று தொடங்கியது.

பணத்தை எண்ணி மடியில் கட்டிக்கொண்ட சித்தப்பா, வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

“உன் பி.ஏ.வுக்கு உங்கப்பா இந்த ஒரு மாவக் குடுத்தாரு. எம் பொண்ணு பி.ஏ.வுக்கு நானும் இதையே குடுக்குறேன். நல்ல நெலம்டா இது!”

அந்த வாரமே ஆற்றில் தண்ணீர் வந்தது. நான் சென்டருக்குக் கிளம்பும்போது அப்பா கூப்பிட்டார். “போற வழியில நம்ம மடையத் தொறந்து விட்டுட்டுப் போ.” நம்ம மடை. அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது! டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி, வாய்க்காலில் இறங்கி, மண்ணைக் கையாலேயே வாரி மடையைத் திறந்தேன். தண்ணீர் திமுதிமுவென்று பாய்ந்தது. பட்டம் வாங்கியபோதுகூட நான் அப்படிப் பெருமைப்பட்டதில்லை.

அன்று மாலை அப்பா சொல்லித்தான் தெரிந்தது, நான் திறந்தது பக்கத்து வயலின் மடை. அதுவும் சித்தப்பாவுடையதுதான்.