மூணாம் நம்பர் ரூமைத் தாண்டாத மவுஸ்

இது நடந்தது. கட்டிவிட்ட கதையென்றால் இதைவிட நன்றாகவே கட்டியிருக்கலாம். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள். அப்புசாமிக்கு இதில் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. வேலை போனதுதான் மிச்சம்.

பெரியநாயக்கன்பாளையம் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு கோல்டு ஸ்டோரேஜ். புளி, மிளகாய், ஊட்டி உருளைக்கிழங்கு எல்லாம் மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கிற இடம். ஐந்து ரூம்கள். முதலாளி பெயர் வெங்கடபதி. அப்புசாமி அங்கே சித்திரையில்தான் வாட்ச்மேனாகச் சேர்ந்தார்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற மனுசன். எதையும் லேசில் நம்ப மாட்டார். பால்காரன் ஊற்றின பாலை விரலில் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவார். கம்ப்யூட்டரை நம்ப மாட்டார். அதை ரிப்பேர் செய்கிறவனைச் சுத்தமாக நம்ப மாட்டார். பேயையும் நம்ப மாட்டார். செத்தவன் திரும்பி வந்தால் சொத்துக்குத்தான் வருவான், நம்மை மெரட்டவா மெனக்கெட்டு வருவான் என்பார்.

அவர் உட்கார்கிற கண்ட்ரோல் ரூம் ஒரு பெட்டி மாதிரி. ஜன்னல் கிடையாது. கதவுக்குக் கரண்டுப் பூட்டு. வெளியிலிருந்து திறக்கச் சாவி வேண்டும். உள்ளேயிருந்து திறப்பதற்குச் சுவரில் ஒரு சுவிட்சு இருந்தது. வாட்ச்மேன்கள் நைசாக வெளியே போய்ப் படுத்துத் தூங்குகிறார்கள் என்று முதலாளி அதைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டருக்குள் வைத்துவிட்டார். திரையில் ஒரு நீளமான பக்கம். ஒன்றாம் நம்பர் ரூம், எத்தனை டிகிரி, லைட்டு எரிகிறதா. அப்புறம் இரண்டாம் நம்பர். இப்படியே ஐந்தும் முடிந்து அடியில் ஒரு பச்சைக் கட்டம். மவுஸின் நடுவில் இருக்கிற சின்னச் சக்கரத்தை விரலால் கீழே உருட்டிக்கொண்டே போய் அந்தக் கட்டத்தை அமுக்கினால் கதவு திறக்கும். முதலாளிக்கு ஆள்மேல் நம்பிக்கை இல்லை. அப்புசாமிக்கு முதலாளிமேல் நம்பிக்கை இல்லை. கணக்கு சரி.

அன்றைக்கு ஆயுத பூஜை.

தராசு, மூட்டைக் கொக்கி, தள்ளுவண்டி, கால்குலேட்டர், கம்ப்யூட்டரின் கீபோர்டு, எல்லா ரூமுக்கும் உள்ள சாவிக்கொத்து. அத்தனையும் முன் ஹாலில் சாமி படத்துக்குக் கீழே. முதலாளி சம்சாரம் ராமாமணி அம்மாதான் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் மறுபூஜை போடுகிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. எங்கேயும் உள்ள வழக்கம்தான். ஆனால் வெங்கடபதிக்கு அதில் கொஞ்சம் அதிகமாகவே பிடிவாதம். வீடே பற்றி எரிந்தாலும் எடுக்க விடமாட்டார்.

கதவு திறக்க வேண்டுமே என்று மவுஸை மட்டும் விட்டுவைத்தார்கள். அதற்குப் பொட்டும் வைக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூணாம் நம்பர் ரூமுக்கும் யாரும் பொட்டு வைக்கவில்லை. அது வெகுநாளாகக் காலி. சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. கரண்டையே துண்டித்திருந்தார்கள். ஏன் என்று அப்புசாமி முன்னொரு தடவை லோடுமேன் நரசிம்மலுவிடம் கேட்டார். மிஷின் சரியில்லை என்று சொல்லிவிட்டு நரசிம்மலு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

இருட்டுகிற நேரத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். அப்புசாமி பொரி கடலையைத் துண்டில் கட்டிக்கொண்டு கண்ட்ரோல் ரூமுக்குள் போனார். கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

ஏழு மணி பத்து நிமிசம். ஒன்றுக்குப் போக எழுந்தார். மவுஸைப் பிடித்துச் சக்கரத்தை உருட்டினார்.

பக்கம் நகர்ந்தது. ஒன்று... இரண்டு... மூன்று.

நின்றது.

இன்னும் உருட்டினார். பக்கம் கொஞ்சம் கீழே போய், பிறகு மேலே ஏறி, மறுபடியும் மூணாம் நம்பரில் நின்றது. வேகமாக உருட்டினார். பச்சைக் கட்டத்தின் ஓரம் தெரிந்தது. உடனே பக்கம் சரசரவென்று மேலேறி... மூணாம் நம்பர்.

கிருபாசங்கருக்குப் போன் போட்டார். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற பையன். மதுக்கரையில் மாமியார் வீட்டில் இருந்தான், வாயில் பொரி. சக்கரத்தில் தூசி அடைத்திருக்கும், கவுத்துப் போட்டு ஊதுங்க என்றான். ஊதினார். துண்டின் நுனியால் துடைத்தார். ஒயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருகினார். திரையின் வலது ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும், அதைப் பிடித்துக் கீழே இழுங்க என்றான். இழுத்தார். பட்டை கீழே போனது. கையை எடுப்பதற்குள் தானாக மேலே வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போடவும் சொன்னான். அணைத்துப் போட்டார். அதே பக்கம். அதே இடம்.

புது மவுஸ் வாங்கச் சொல்லத்தான் இத்தனை சுத்து சுத்துகிறான் என்று அப்புசாமி நினைத்தார்.

"ஒயரக் கழட்டீட்டு, பக்கம் நிக்குதான்னு பாத்துச் சொல்லுங்கய்யா."

"கழட்டீட்டேன்."

"நின்னுருச்சுங்களா?"

"நிக்கலையே கண்ணு. போயிட்டுத்தான் இருக்குது."

"மவுஸே இல்லாம எப்படிங்க போகும்..."

"அதைய நீதான் சொல்லோணும். இங்க சக்கரமும் சுத்துது."

ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. மவுஸ் அவர் உள்ளங்கையில். அவர் கட்டைவிரலை வைத்து அமுக்கியும், அந்தச் சின்னச் சக்கரம் விரலைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு பல்லாக நகர்ந்தது. டக்... டக்... டக்.

அந்தப் பக்கம் பொரி மெல்லுகிற சத்தம் நின்றது.

"ஏனுங்கய்யா... நீங்க மொதல்ல வெளிய போயிருங்க."

"அதுக்குத்தான்டா உன்னையக் கூப்புட்டேன்."

லைன் போய்விட்டது.

அப்போதுதான் அப்புசாமி மூணாம் நம்பர் வரியைச் சரியாகப் படித்தார். துண்டித்த ரூம். அங்கே எண்ணே வரக் கூடாது. வந்திருந்தது. இரண்டு டிகிரி. பக்கத்தில், லைட்டு எரிகிறது.

டக்.

லைட்டு அணைந்தது.

டக்.

லைட்டு எரிகிறது.

கதவைத் தோளால் முட்டிப் பார்த்தார். நாற்காலியைத் தூக்கி அடித்தார். இரும்புக் கதவு. சத்தம்தான் வந்தது. மெயின் சுவிட்சு வெளியே. சாவி பூஜையில். முன் ஹால் எத்தனையோ தூரத்தில் இல்லை, இருபது தப்படி இருக்கும். இருபது தப்படிக்கு இந்தப் பக்கம் ஒரு கிழவன் மாட்டிக்கொண்டிருந்தான்.

குளிர்ந்தது. கண்ட்ரோல் ரூமுக்குக் குளிரூட்டுகிற மிஷினே கிடையாது. சட்டைக் கையை இழுத்துவிட்டார். மூச்சு விட்டால் புகை மாதிரி வந்தது. விரல்கள் மரத்துப்போயின. நகம் நீலமாவதை அவரே பார்த்தார். விடிகிற வரைக்கும் இந்தக் குளிரில் இருந்தால் நாம் இருக்க மாட்டோம் என்று தெரிந்துபோனது.

முதலாளிக்குப் போன் போட்டார். கதவு திறக்கவில்லை, குளிர் தாங்கவில்லை, சாவியை எடுத்துக்கொண்டு யாராவது வாங்க என்றார். வெங்கடபதிக்கு எரிச்சல். பூஜையில் வைத்த சாவியை எப்படி எடுப்பது, காலையில் பார்த்துக்கொள்ளலாம், போர்வையைப் போர்த்திக்கொண்டு படு என்றார்.

"போர்வ எங்கீங்க இருக்குது இங்க. மொதலாளி, இன்னொண்ணுங்க. மூணாம் நம்பர் ரூம்ல லைட்டு எரியுதுங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"கேக்குதுங்களா? அணைஞ்சு அணைஞ்சு எரியுதுங்க."

வெங்கடபதியின் குரல் வந்தது. அது வேறு யாருடைய குரலோ மாதிரி இருந்தது.

"அதையப் பாக்காத அப்புசாமி. கீழ உருட்டீட்டு வெளிய போ."

"உருட்ட உட மாட்டீங்குதுங்க."

போன் வைக்கப்பட்டது. வைப்பதற்கு முன்னால், அந்தப் பக்கம் ஒரு பொம்பளைக் குரல், எந்த ரூமுங்க என்று கேட்டது.

டக். எரிகிறது.

டக். அணைந்தது.

கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் நிற்கவில்லை.

மவுஸைச் சுவரில் வீசினார். கீழே விழுந்து கவிழ்ந்து கிடந்தது. கவிழ்ந்தபடியே...

டக்.

குத்தவைத்து உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டார். பல் கிட்டிக்கொண்டது. சாமி பெயரைச் சொல்லப் பார்த்தார். வாய் வரவில்லை.

டக்... டக்...

சத்தம் மெதுவானது.

டக்...

இன்னும் மெதுவாக. கை ஓய்ந்துபோகிற ஆள் செய்கிற மாதிரி.

எட்டு மணி ஐம்பது. வெளியே கார் வந்து நின்றது.

முன் ஹால் கதவு. செருப்புச் சத்தம். பிறகு சாவிக்கொத்தின் கலகலப்பு.

அப்புசாமிக்கு உயிர் வந்தது. "இங்கீங்க... இங்க..." என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

செருப்புச் சத்தம் அவர் கதவுக்கு வந்தது.

தாண்டிப் போனது.

சங்கிலி இழுபட்டது. பூட்டு. பெரிய கதவு உருளுகிற சத்தம்.

டக்.

அணைந்தது.

அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அப்புசாமி தலையைத் தூக்கினார். திரையில் மூணாம் நம்பர் வரியில் எண்ணும் இல்லை, லைட்டும் இல்லை. வெறும் கோடு. பக்கம் மெல்லக் கீழே நகர்ந்தது. நான்கு... ஐந்து... பச்சைக் கட்டம். நின்றது.

தவழ்ந்து போய் மவுஸை எடுத்தார். மரத்த விரலால் ஒயரைச் சொருகினார். அமுக்கினார். கதவு விட்டுக்கொண்டது.

மூணாம் நம்பர் ரூம் திறந்து கிடந்தது. வாசலில் ராமாமணி அம்மா நின்றுகொண்டிருந்தார். தலை கலைந்து, தனியாக. காரை அவரே ஓட்டி வந்திருந்தார். கையில் சாவிக்கொத்து. அதில் காலையில் வைத்த பூ அப்படியே ஒட்டியிருந்தது.

உள்ளே இருட்டு. புழுக்கம் முகத்தில் அடித்தது. ஒரு வருசமாகப் பூட்டிக் கிடந்த இடத்தின் புழுக்கம். அப்புசாமி செல்போன் வெளிச்சத்தை மேலே பிடித்தார். பல்பு இல்லை. பல்பு மாட்டுகிற ஹோல்டர்கூடக் கழற்றியிருந்தது.

ராமாமணி அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரூமைப் பார்த்தே பேசினார்.

"போன வருசமே எடுத்திருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் கிருபாசங்கர் வந்தான். வெளிச்சத்தில், நாலு பேர் மத்தியில் மவுஸைத் திருகு கழற்றித் திறந்தான். பழுது ஒன்றுமில்லை. ஆனால் சக்கரத்தின் பல்லிடுக்கு முழுக்கச் சந்தனம். ஈரம்கூடக் காயவில்லை. தொட்டவன் கையை உதறினான். ஐஸ் மாதிரி இருந்ததாம்.

"மவுசுக்குமா பொட்டு வெச்சீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி வீட்டிலிருந்து வரவே இல்லை. அப்புசாமி சம்பளத்தைக்கூடக் கேட்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசல் கேட்டு வரைக்கும் நரசிம்மலு கூட வந்தான். இனி மறைத்து என்ன என்று அவனே சொன்னான்.

போன வருச ஆயுத பூஜை. ரூம் ரூமாகப் போய்ப் பொட்டு வைத்துவிட்டு வா என்று ராமாமணி அம்மா சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து அனுப்பியது, அங்கே கூட்டிப் பெருக்குகிற மாரியாத்தாளை. அவள் மூணாம் நம்பருக்குள் இருந்தது தெரியாமல் யாரோ சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய்ப் பூஜையில் வைத்துவிட்டார்கள். மாரியாத்தாள் ஊருக்குப் போய்விட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்தக் கதவு ஓரடிக் கனம். தட்டினாலும் கத்தினாலும் வெளியே கேட்காது.

அன்றைக்கு ராத்திரி பழைய வாட்ச்மேன் முதலாளிக்குப் போன் போட்டிருக்கிறான். மூணாம் நம்பரில் லைட்டு விட்டு விட்டு எரிகிறது, திறந்து பார்க்கட்டுமா என்று. சாவி பூஜையில் இருக்கிறது, காலையில் பார்க்கலாம், கீழே உருட்டிவிட்டுப் போ என்று பதில் வந்திருக்கிறது.

அவன் சக்கரத்தை உருட்டி, மூணாம் நம்பரைத் தாண்டிப் போய்விட்டான்.

"லைட்டு எதுக்குங்க அணைஞ்சு எரிஞ்சுது?" என்று அப்புசாமி கேட்டார்.

நரசிம்மலு கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சுவிட்சு உள்ளுக்குள்ளதானுங்க இருக்குது. லைட்டுப் போட்டா கம்ப்யூட்டர்ல தெரியும்னு அவளுக்குத் தெரியுமுங்க. அந்த ரூமைத் தெனமும் கூட்டறவ அவதானுங்களே."

முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"காலைல கதவத் தொறந்தப்ப நானும் இருந்தேனுங்க. நின்னமேனிக்குச் செவுத்துல சாஞ்சிருந்தா. சந்தனம் அப்பின கட்டவெரலு... சுவிட்சு மேலயே இருந்துச்சுங்க."